நாலு மணி நேர வேலையா இது?

கிராமத்து அஞ்சல் பையைத் தூக்க வந்த இளைஞர்களின் மனக்குமுறல்

சிறு நகரம் ஒன்றின் துணை அஞ்சலகத்துக்குக் காலை ஒன்பது மணிவாக்கில் போய் நின்று பாருங்கள். வாசலில் ஏழெட்டு பைக்குகள் நிற்கும். உள்ளே சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கான பைகளைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு காலத்தில் அந்தப் பைக்குள் இன்லேண்ட் கடிதங்களும் மணியார்டர் படிவங்களும் இருந்தன. இன்று ஆதார் அட்டை, ஏ.டி.எம். அட்டை, வங்கி நோட்டீஸ், கோர்ட்டுத் தபால். பைக்குள் அடங்காத பார்சல்கள் தரையில் தனியாகக் கிடக்கும். ஒன்றைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்து, இரண்டைப் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டி, கிராமத்துக்கான பணக்கட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள்.

அந்தக் கூட்டத்தில் புதிதாக வந்தவரை எளிதில் அடையாளம் காணலாம். பழையவர்கள் தபால் கட்டை வாங்கிய கையோடு தெருவாரியாகப் பிரித்துவிடுவார்கள். புதியவர் ஒவ்வொரு முகவரியையும் இரண்டு தடவை படிப்பார். பிறகு பக்கத்தில் நிற்பவரிடம் தயங்கிக் கேட்பார்: “அண்ணே, இந்த வடக்குத் தெரு எந்த ஊரு வடக்குத் தெரு?”

ஆவணங்களில் அவர் ‘கிராமின் டாக் சேவக்’. சுருக்கமாக ஜி.டி.எஸ். ஊர் வாயில் போஸ்ட்மேன் தம்பி, அல்லது தபால்காரப் பொண்ணு. மத்திய அரசு வேலை கிடைத்துவிட்டது என்று தெருவுக்கே இனிப்புக் கொடுத்துவிட்டு வந்தவர். சேர்ந்த சில வாரங்களில் அவருக்கு ஒன்று புரிகிறது. காகிதத்தில் இது நாலு மணி நேர வேலை. வண்டியைக் கிளப்பினால் முழு நாள் வேலை. அவருடைய குமுறல்கள் பலவாக இருக்கலாம். அத்தனைக்கும் ஊற்றுக்கண் இந்த ஒரு பொய்க்கணக்குதான்.

மதிப்பெண் கொண்டுவந்து விட்ட ஊர்

இந்தியாவில் உள்ள அஞ்சலகங்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். உலகில் வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. அவற்றில் பத்தில் ஒன்பது கிராமப்புறத்தில் இருக்கின்றன. கிராமத்தில் இருப்பவை பெரும்பாலும் கிளை அஞ்சலகங்கள். அவற்றைத் தாங்கி நிற்பவர்கள் ஜி.டி.எஸ். ஊழியர்கள். அலுவலகத்தை நடத்துகிறவர் பி.பி.எம்., அதாவது கிளை அஞ்சல் அலுவலர். பையைக் கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுக்கிறவர் ஏ.பி.பி.எம்., துணைக் கிளை அஞ்சல் அலுவலர். பெயரைக் கேட்டால் அதிகாரி போலத் தோன்றும். பல ஊர்களில் கிளை அஞ்சலகம் என்பது ஒரு மேசை, ஒரு இரும்புப் பெட்டி, தேதி முத்திரை, ஒரு தராசு, அவ்வளவுதான்.

2024-ல் நாடு முழுவதும் 44,228 இடங்களுக்கு ஆள் எடுக்க அறிவிப்பு வந்தது, தமிழ்நாட்டுக்கு 3,789. 2025-ல் 21,413, தமிழ்நாட்டுக்கு 2,292. எழுத்துத் தேர்வு கிடையாது, நேர்முகமும் கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்தான் எல்லாம். அதனால் பட்டியலில் மேலே வருகிறவர்கள் நன்றாகப் படித்த பிள்ளைகள். பொறியியல் முடித்தவர், பி.எட். முடித்துவிட்டுக் காத்திருப்பவர், போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர் எல்லோரும் இதில் உண்டு. உள்ளூர்க்காரருக்கே என்ற நிபந்தனை இல்லாததால் தென்காசிப் பிள்ளைக்குத் திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமம் கிடைக்கலாம்.

அந்த அறிவிப்பைப் பொறுமையாகப் படித்தால் இந்த வேலையின் சாயம் அப்போதே வெளுத்துவிடும். விண்ணப்பிக்கிறவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது ஒரு நிபந்தனை. ஸ்கூட்டரோ மோட்டார் சைக்கிளோ ஓட்டத் தெரிந்தால் அதையும் சைக்கிள் தெரிந்ததாக எடுத்துக்கொள்வார்களாம். தேர்வானவர் அந்தக் கிளை அஞ்சலகத்தின் எல்லைக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்கிறது இன்னொன்று. பி.பி.எம். ஆக வருகிறவர் அஞ்சலகம் நடத்த இடத்தையும் தானே ஏற்பாடு செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிழைப்புக்குத் தனக்கு வேறு வருமானம் இருக்கிறது என்று அவர் உறுதி கொடுக்க வேண்டும்.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். வேறு வேலை இல்லாததால்தான் ஒரு பிள்ளை முன்னூறு நானூறு கிலோமீட்டர் தள்ளி இந்த வேலைக்கு வருகிறான். அவனிடம், உனக்கு வேறு வருமானம் உண்டு என்று எழுதிக்கொடு என்கிறது விதி. அவனும் எழுதிக்கொடுக்கிறான். வேலையின் முதல் நாளே ஒரு பொய்யில் கையெழுத்துப் போட வைக்கிறோம்.

பெண்களின் நிலை இன்னும் சிக்கல். தெரியாத ஊரில் தனியாக வந்து நிற்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? கொடுத்தாலும், அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பது நம் ஊர்களில் சின்ன விஷயமா? அஞ்சலகம் அமையும் திண்ணையில் ஊர்க்காரரும் காலனிக்காரரும் ஒன்றுபோல வந்து நிற்க முடிய வேண்டும். அரசு அலுவலகத்துக்கு அரசே இடம் பார்த்துக் கொடுத்தால் தீர்ந்துவிடும் இந்தப் பிரச்சினையை, அன்று வேலையில் சேர்ந்த பெண்ணின் தலையில் வைக்கிறோம்.

நான்கு கருப்பசாமிகள்

புதியவரின் முதல் எதிரி முகவரி. ஒரு பின்கோடு என்பது ஒரு கிராமம் அல்ல. துணை அஞ்சலகமும் அதன் கீழ் வரும் கிளை அஞ்சலகங்களும் அந்த ஆறு எண்ணுக்குள் அடக்கம். ஒவ்வொரு கிளைக்கும் நாலைந்து குக்கிராமங்கள். கதவு எண் பல இடங்களில் கிடையாது; இருந்தாலும் பழைய எண், புதிய எண், வரி ரசீது எண் என்று மூன்று இருக்கும். உறை மேல் ‘மு. கருப்பசாமி, கிழக்குத் தெரு’ என்று மட்டும் எழுதியிருக்கும். கிழக்குத் தெருவில் நான்கு கருப்பசாமிகள். அதில் இரண்டு பேருக்கு அப்பா பெயர் முத்து.

பழைய தபால்காரருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஒருவர் டீக்கடைக் கருப்பசாமி, ஒருவர் மிலிட்டரிக்காரர், ஒருவர் திருப்பூருக்குப் போய்ப் பத்து வருஷம் ஆகிறது, இன்னொருவர் போன தையில் காலமானார் என்று அவர் மனதுக்குள் ஒரு பதிவேடே இருந்தது. எந்த வீட்டுப் பெண்ணை எந்த ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்து, அவளுக்கு வந்த தபாலை அந்த ஊருக்குத் திருப்பிவிடுவார். அந்தப் பதிவேடு அவரோடு ஓய்வு பெற்றுப் போய்விட்டது. பீட்டை, அதாவது தபால் கொடுக்கும் தன் வட்டாரத்தை, முழுதாகக் கற்றுக்கொள்ளப் புதியவருக்கு ஒரு வருடமாவது ஆகும். அதுவரை தவறு நடந்தால் திட்டும் அவருக்குத்தான், புகாரும் அவர் மேல்தான்.

அந்தத் தவறு எவ்வளவு பெரியது என்பதும் அவருக்குத் தெரியும். வேலைக்கான அழைப்புக் கடிதம் ஒரு நாள் பிந்தினால் ஒரு குடும்பத்தின் கதி மாறிவிடும். கோர்ட்டு நோட்டீஸ் கைமாறிப் போனால் ஒரு துண்டு நிலம் போய்விடும். இந்தப் பயத்தோடுதான் அவர் ஒவ்வொரு வாசலிலும் நிற்கிறார்.

பொருளை ஒப்படைக்கப் போன் போட வேண்டியிருக்கிறது. போடுவது சொந்தப் போனிலிருந்து. அவர் பெண்ணாக இருந்தால் அந்த எண் யார் யார் கைக்கோ போய்ச் சேர்கிறது. இரவில் வரும் வேண்டாத அழைப்புகளை அவர் யாரிடம் போய்ச் சொல்வது?

ரேகை விழாத விரல்கள்

2018 செப்டம்பர் 1 அன்று இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி தொடங்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில் ‘தர்பன்’ திட்டத்தின் கீழ் கிளை அஞ்சலகங்களுக்குக் கையடக்கக் கருவி வரத் தொடங்கியிருந்தது. இந்த இரண்டும் சேர்ந்து தபால்காரரை நடமாடும் வங்கியாக்கிவிட்டன. எந்த வங்கியில் கணக்கு இருந்தாலும் ஆதார் எண்ணும் கைரேகையும் இருந்தால் வீட்டு வாசலிலேயே பணம் எடுக்கலாம். முதியோர் உதவித்தொகை, மகளிர் உரிமைத்தொகை, நூறு நாள் வேலைக் கூலி எல்லாவற்றையும் பஸ் ஏறாமல் வாங்கிக்கொள்ளலாம். ஓய்வூதியர்களுக்கு உயிர்வாழ் சான்றிதழையும் வீட்டிலேயே எடுத்துக்கொடுக்கிறார்கள். கிராமத்துக்கு இது பெரிய நன்மை. இதில் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் கருவி வேலை செய்ய வேண்டுமே! களை பறித்தும் கல் உடைத்தும் தேய்ந்துபோன விரலில் ரேகை விழாது. கிழவி விரலைத் துணியில் துடைத்து, எண்ணெய் தடவி, மறுபடி வைத்துப் பார்ப்பார். அடுத்த விரல், அதற்கடுத்த விரல். ரேகை விழுந்தால் சிக்னல் போய்விடும். சிக்னல் தேடித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போக வேண்டும், கோயில் மேட்டில் ஏற வேண்டும். கணக்கில் கழிந்துவிட்டது என்று குறுஞ்செய்தி வரும், கருவியோ பரிவர்த்தனை தோல்வி என்று காட்டும். “என் காசு எங்க போச்சு தம்பி?” என்று அந்த அம்மா கேட்கும்போது, சர்வரைப் பற்றி அவருக்கு எப்படி விளக்குவது? ஊரில் கூடி நிற்கிறவர்கள் பார்வையில் அந்த நேரத்தில் குற்றவாளி யார்?

சிக்னல் கிடைத்தாலும் கையில் பணம் இருக்க வேண்டும். கிளை அஞ்சலகத்தில் வைத்துக்கொள்ளும் ரொக்கத்துக்கு வரம்பு உண்டு. கூடுதல் தொகை மேல் அலுவலகத்திலிருந்து வர வேண்டும். கருவேலங்காட்டு வழியாக அந்தப் பணத்தைக் கொண்டுவருகிறவருக்குத் துணை எதுவும் இல்லை. மாலைக் கணக்கில் ஐந்நூறு ரூபாய் குறைந்தால் தன் பையிலிருந்து போட வேண்டும். வாங்கிய பணத்தை அன்றே வரவு வைக்கத் தவறினால் விசாரணை. விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து நிறுத்திவைப்பதை ‘புட் ஆஃப்’ என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே புதியவருக்கு வயிறு கலங்கும். அப்போது கிடைப்பது வருமானத்தில் ஒரு பங்குதான்.

“இன்னிக்கு எத்தனை அக்கவுண்ட்?”

தபால் கொடுப்பதோடு வேலை முடிந்திருந்தால்கூடச் சமாளித்துவிடலாம். காலையில் போனைத் திறந்தால் வாட்ஸ்அப் குழுவில் இலக்கு காத்திருக்கிறது. ஆர்.டி. எத்தனை, செல்வமகள் எத்தனை, பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கு எத்தனை, கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீடு எத்தனை? மேளா நாள் என்று ஒன்று வரும். அன்று மாலைக்குள் கணக்குப் பிடித்துக் காட்ட வேண்டும்.

இந்தத் திட்டங்கள் நல்லவை. 1995-ல் வந்த கிராமிய ஆயுள் காப்பீடு எத்தனையோ குடும்பங்களைக் கரையேற்றியிருக்கிறது. பெண் குழந்தைக்குப் பெற்றோர் சேர்க்கும் செல்வமகள் சேமிப்புக்கு ஈடான திட்டம் கிராமத்தில் வேறு கிடையாது. ஆனால் ஊரே அறியாத புதியவரை நம்பி யார் பணம் கட்டுவார்கள்? இருபது வருடம் ஒரே ஊரில் இருந்தவர் கேட்டால் கொடுப்பார்கள். ஐந்நூறு வீடுள்ள ஊரில் ஐம்பது கணக்குத் தொடங்கிய பிறகு ஐம்பத்தொன்றாவது எங்கிருந்து வரும்? நெருக்கடி முற்றும்போது சொந்தக் காசைப் போட்டு அத்தை, மாமா பெயரில் கணக்குத் தொடங்குகிறவர்களும் உண்டு. நம்பிக்கை விளைய நாள் கொடுக்காமல் அறுவடையை மட்டும் கேட்கிறோம்.

நேரத்தைக் கூட்டிப் பார்ப்போம்

ஒன்பது மணிக்குத் துணை அஞ்சலகம். பத்து மணிக்குப் பையோடு கிராமம். பையைப் பிரித்து, பதிந்து, தெருவாரியாக அடுக்க அரை மணி நேரம். பிறகு நாலைந்து குக்கிராமங்கள், பார்சல்கள், கைரேகைகள். திரும்பிவந்து கொடுத்ததையும் கொடுக்க முடியாததையும் கருவியில் ஏற்றுவதற்குள் மணி இரண்டு, இரண்டரை. மாலைப் பையைக் கட்டி மறுபடி துணை அஞ்சலகம். ஊருக்கு ஊர் முன்பின் ஆகலாம். பக்கத்துக் கிளையில் ஆள் இல்லாத நாளில் அந்த வேலையும் இவர் தலையில் ஏறும். வாரத்தில் ஆறு நாளும் இப்படித்தான்.

விதியோ, ஒரு ஜி.டி.எஸ். ஊழியரை நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது. குறைந்தது நான்கு, அதிகம் ஐந்து. அந்தக் கணக்கில்தான் பணம். அதைச் சம்பளம் என்றுகூடச் சொல்வதில்லை, டி.ஆர்.சி.ஏ. என்ற படி அது. 2018 ஜூலை முதல் நான்கு மணி நேர ஏ.பி.பி.எம்.முக்கு 10,000 ரூபாய், பி.பி.எம்.முக்கு 12,000 ரூபாய் தொடக்கம். 2025-ன் பிற்பகுதியில் அறிவித்த 58 விழுக்காடு அகவிலைப்படியைச் சேர்த்தால் புதிய ஏ.பி.பி.எம். கையில் 15,800 ரூபாய். நாளுக்கு முப்பது கிலோமீட்டர் சொந்த வண்டியில் ஓடினால் மாதம் ஆயிரத்துக்கும் மேல் பெட்ரோலுக்கே போய்விடும். துறை தருவது சைக்கிள் பராமரிப்புப் படி. வீட்டு வாடகையும் சாப்பாடும் போக ஊருக்கு என்ன அனுப்புவார்?

இதே துறையில் நிரந்தரப் பணியில் இருக்கும் நகரத்துத் தபால்காரரின் அடிப்படைச் சம்பளமே 21,700 ரூபாய். அவருக்கு அது நியாயமான கூலி, குறைக்கச் சொல்லவில்லை. அவர் கொடுக்கும் அதே தபாலை, அதே பார்சலை, அதைவிட மோசமான பாதையில் கொண்டுபோகிறவருக்கு ஏன் பாதி என்பதுதான் கேள்வி.

நீண்ட காலம் உழைத்தவருக்காவது ஆறுதல் உண்டா? 12, 24, 36 ஆண்டுகள் முடித்தவர்களுக்கு உயர்வு தரும் திட்டம் ஒன்று 2024 மார்ச்சில் வந்தது. 12 ஆண்டு முடித்தவருக்கு ஆண்டுக்கு 4,320 ரூபாய். மாதத்துக்குப் பிரித்தால் 360.

இலாகாவுக்கு வெளியே

இந்த நிலை நேற்று வந்ததல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் கிராமத்து அஞ்சல் வேலையைப் பள்ளி ஆசிரியர், மளிகைக் கடைக்காரர் போன்றவர்களிடம் பகுதி நேரமாகக் கொடுத்தார்கள். தபால் குறைவு, அவர்களுக்கு வேறு பிழைப்பும் இருந்தது. ‘எக்ஸ்ட்ரா டிபார்ட்மென்டல்’, அதாவது இலாகாவுக்கு வெளியே உள்ளவர் என்று அவர்களுக்குப் பெயர். ஊரில் பெரியவர்கள் இன்றும் ‘ஈ.டி. போஸ்ட்மேன்’ என்பது அதனால்தான். இன்று பெயர் சேவக் என்று மாறிவிட்டது. அவர் இன்னொரு கடை வைத்திருக்கிறார் என்ற அந்தப் பழைய அனுமானம் மட்டும் விதிப்புத்தகத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

1977-ல் ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், இவர்கள் தற்காலிகக் கூலிகள் அல்லர், அரசின்கீழ் ஒரு பதவியை வகிப்பவர்களே என்று தீர்ப்பளித்தது. விசாரிக்காமல் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்ற பாதுகாப்பு அதனால் கிடைத்தது. ஆனால் மத்திய அரசின் குடிமைப் பணிக்கு வெளியே உள்ளவர்கள் என்ற வாசகம் மட்டும் விதிகளிலிருந்து அகலவில்லை. அரசு ஊழியருக்குச் சமம் என்று உரிமை கோரக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. ஊதியக் குழு வரும்போதெல்லாம் இவர்களுக்குத் தனிக் குழு: தல்வார், நடராஜமூர்த்தி, கமலேஷ் சந்திரா என்று. கமலேஷ் சந்திரா குழு அறிக்கை கொடுத்தது 2016-ல். அதை நடைமுறைப்படுத்தக் கோரி 2018 மே 22 அன்று நாடு முழுவதும் கிராமத்து அஞ்சலகங்கள் மூடின. பதினாறு நாள் வேலைநிறுத்தத்துக்குப் பிறகே மத்திய அமைச்சரவை உயர்வை அறிவித்தது. 65 வயது வரை உழைத்துவிட்டுப் போகிறவருக்கு அரசு ஊழியருக்கு உள்ளதுபோல் ஓய்வூதியம் இன்றும் இல்லை.

வெளியேற ஒரு வாசல் உண்டு: துறைத் தேர்வு எழுதி நிரந்தரத் தபால்காரர் ஆவது. 2019 ஜூலை 14 அன்று நடந்த தேர்வில் அந்த வாசலையும் இந்தி, ஆங்கிலம் என்ற இரண்டு பூட்டுப் போட்டு மூடப் பார்த்தார்கள். தமிழ்நாட்டு உறுப்பினர்கள் மாநிலங்களவையை உலுக்கிய பிறகுதான் அந்தத் தேர்வு ரத்தானது. கிராமத்தில் தமிழில் முகவரி படித்து, தமிழில் ஆறுதல் சொல்லிப் பணம் கொடுக்கிறவருக்குத் தமிழில் தேர்வு எழுதும் உரிமையையே போராடி வாங்க வேண்டியிருந்தது.

பாராட்டு போதும், கணக்கைத் திருத்துங்கள்

குன்னூர் மலைக்காட்டில் யானைக்கும் கரடிக்கும் இடையில் நாளும் 15 கிலோமீட்டர் நடந்து தபால் கொடுத்த சிவன் 2020-ல் ஓய்வு பெற்றபோது நாடே கைதட்டியது. பாபநாசம் மலைமேல் இஞ்சிக்குழியில் நூறு வயதைக் கடந்த காணிப் பழங்குடி மூதாட்டிக்கு உதவித்தொகை கொடுக்க ஒரு தபால்காரர் படகேறியும் காட்டில் நடந்தும் போன செய்தியை 2021-ல் படித்து நெகிழ்ந்தோம். அவர்கள் வழியில்தான் இந்தப் புதிய பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். கைதட்டல் பெட்ரோல் போடாது. முறையான கூலி இல்லாததால் நல்ல பிள்ளைகள் இரண்டு வருடத்தில் வேறு தேர்வு எழுதிக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் கற்றுக்கொண்ட தெருக்களும் பெயர்களும் அவர்களோடு போய்விடுகின்றன. ஊர் மறுபடி நான்கு கருப்பசாமிகளில் இருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இழப்பு அவர்களுக்கு மட்டுமல்ல, கிராமத்துக்கும்தான்.

செய்ய வேண்டியவை பெரிய புதிர்கள் அல்ல. கிளை அஞ்சலகத்துக்கு ஊராட்சிக் கட்டடத்தில் ஓர் அறை ஒதுக்கலாம். சைக்கிள் படியைப் பெட்ரோல் படியாக்கலாம். பெண் ஊழியர்களுக்கு அலுவலகப் போன் எண் கொடுக்கலாம். புதியவரைப் பழையவரோடு இரண்டு மாதமாவது சேர்த்து அனுப்பிப் பீட்டைக் கற்றுத்தரலாம். முதல் ஆண்டில் கணக்குப் பிடிக்கும் இலக்கிலிருந்து விடுவிக்கலாம். வேறு வருமானம் உண்டு என்ற உறுதிமொழியைக் கிழித்துப் போடலாம்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிராமத்துக்கு எதை அனுப்பினாலும் தெருவோடு குக்கிராமத்தின் பெயரையும் தந்தை பெயரையும் போன் எண்ணையும் தெளிவாக எழுதுங்கள். வெயிலில் வந்து நிற்கும் அந்தப் பிள்ளைக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள். கருவி வேலை செய்யாத நாளில் அவரைத் திட்டாதீர்கள். அந்தக் கருவியை அவர் செய்யவில்லை.

அரசுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அவர் வண்டியைக் கிளப்பும் நேரத்தையும் நிறுத்தும் நேரத்தையும் உள்ளபடி பதிவேட்டில் எழுதுங்கள். எட்டு மணி நேரம் உழைக்கிறவருக்கு எட்டு மணி நேரக் கூலியும், முப்பது வருடம் உழைத்தவருக்கு ஓய்வூதியமும் கொடுங்கள். அது சலுகை அல்ல, பாக்கி.